முரசொலிக்கு முறை வகுத்த வரலாறு

இசையில் நாட்டமுள்ள ஒரு கல்லூரி மாணவர் தம் கணிப்பொறியில் முரசொலி தரும் மென்பொருள் ஒன்றைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் பதினாறு கட்டங்கள் தோன்றுகின்றன. கட்டம் ஒவ்வொன்றும் ஒரு முரசு; தட்டினால் ஒலிக்கும். ஆனால் அந்தக் கட்டங்களில் எந்த ஒலியை அமர்த்துவது? மென்பொருளுடன் வந்த களஞ்சியத்தில் ஆயிரக்கணக்கான ஒலிகள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டித் தட்டிக் கேட்கிறார். நூறாவது ஒலியைக் கேட்கும்போது பத்தாவது ஒலி மறந்துபோகிறது. மாலைப் பொழுது கழிகிறது. ஒரு தாளமும் அமைந்தபாடில்லை. பண்டசாலை நிறையப் பண்டமிருந்தும் அடுப்பு மூட்டாத வீட்டின் கதையாக முடிகிறது.

இந்தத் தொல்லை அவருக்கு மட்டும் உரியதன்று. முரசொலியைப் பொறியின் வாயிலாக எழுப்ப முயன்ற ஒவ்வொருவரும் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டியிருந்தது. எந்த ஒலிகளைத் தேர்வது? தேர்ந்தவற்றை எந்த முறையில் அடுக்குவது? ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளாக இவ்வினாக்களுக்குக் கூறப்பட்டு வந்த விடைகளின் வரலாற்றையே இன்று காண இருக்கிறோம். இது பொறிகளின் வரலாறு மட்டுமன்று. யாருடைய முரசுக்கு இடம் கிடைத்தது, யாருடையதற்குக் கிடைக்கவில்லை என்னும் வரலாறும் இதனுள் அடங்கியிருக்கிறது.

முதற்கண் முரசொலியின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். வீணையின் நரம்பை மீட்டினால் அடிப்படை ஒலியுடன் அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுடைய துணையொலிகளும் எழுகின்றன. அவை ஒன்றோடொன்று இயைவதால் காதுக்குச் சுரம் தெளிவாகக் கேட்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய தோலின் தன்மை வேறு. அதன் துணையொலிகள் அடிப்படை ஒலியின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று முழு எண்களோடு பொருந்தாமல் எழுகின்றன. ஆகவேதான் பெரும்பாலான முரசுகளில் சுரம் தெளிவாகத் தோன்றுவதில்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த அறிஞர் ச. வெ. இராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், நம் நாட்டு மிருதங்கமும் தபேலாவும் இவ்விதிக்கு விலக்கானவை என்று காட்டினார். தோலின் நடுவே அப்பிய கருஞ்சாந்தின் எடை, அத்துணையொலிகளை முழு எண் மடங்குகளுக்கு இழுத்து வந்துவிடுகிறது. இந்த உண்மையைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் இதற்கு வேலையிருக்கிறது.

இசை எழுப்பும் பொறியைச் செய்தவர்களுக்கு முரசு ஏன் கடினமாயிற்று என்பது இதனால் விளங்கும். சுரத்தைச் செய்ய ஓர் அதிர்வு எண் தெரிந்தால் போதும். முரசைச் செய்யவோ, பொருந்தாத பல அதிர்வுகளையும், மணலைக் கொட்டினாற்போன்ற இரைச்சலையும், கண நேரத்தில் எழுந்து தாழும் வேகத்தையும் அளவறிந்து கலக்க வேண்டும்.

முதல் முயற்சி அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஹென்றி கவல் என்ற இசையறிஞர், மனிதக் கைகளால் ஒருசேர வாசிக்க இயலாத பல தாளங்களை ஒரே நேரத்தில் கேட்க விரும்பினார். அவர் வேண்டுகோளுக்கிணங்க, தெரெமின் என்னும் இரஷ்யப் பொறிவல்லுநர் 1931ஆம் ஆண்டில் ‘ரித்மிக்கான்’ என்ற கருவியைச் செய்து தந்தார். துளையிட்ட தட்டுகள் சுழல, ஒளி அத்துளைகளின் வழியே விட்டுவிட்டுப் பாய்ந்து ஒளிமின்கலத்தைத் தாக்கும், அத்தாக்குதலே தாளமாயிற்று. அதில் 17 கட்டைகள் இருந்தன. கட்டைகளின் வரிசை கணக்கின் வரிசை: ஒன்றாம் கட்டை ஒரு முறை ஒலிக்கும் காலத்தில் இரண்டாம் கட்டை இரு முறையும், மூன்றாம் கட்டை மும்முறையும் ஒலிக்கும். அடுக்கும் முறை இங்கே எண்ணால் அமைந்தது. முரசின் தன்மை அதில் கருதப்படவில்லை. அறிஞர் வியந்தனர்; மக்கள் அதை ஏற்கவில்லை.

அடுத்து வந்தவர்கள் இரு வழியாகப் பிரிந்தனர். 1949ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் ஹாரி சேம்பர்லின் என்பவர், உண்மையான முரசுக் கலைஞர் வாசித்த தாளங்களை ஒலிப்பதிவு நாடாக்களில் ஏற்றி, அவற்றைச் சுழலவிடும் பெட்டி ஒன்றைச் செய்தார். 1959ஆம் ஆண்டு வூர்லிட்சர் நிறுவனம் ‘சைடுமேன்’ என்னும் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. இதில் பதிவு எதுவும் இல்லை. வெற்றிடக் குழாய்கள் ஒலியைப் பிறப்பித்தன; மோட்டாரால் சுழலும் தட்டொன்று மின்தொடர்புகளைத் தொட்டுத் தொட்டுத் தாளத்தை நடத்தியது. ஆக, மனிதன் அடித்த அடியைச் சேமித்து வைப்பது ஒரு வழி. அடியை மின்சாரத்தால் புதிதாகப் படைப்பது மற்றொரு வழி. இன்றைய மென்பொருள்கள் அனைத்தும் இவ்விரண்டில் ஒன்றையோ, இரண்டின் கலப்பையோ பின்பற்றுவனவே.

சைடுமேன் பெட்டியில் தேர்வு வாங்குபவர் கையில் இல்லை. வால்ட்ஸ், டாங்கோ, அணிநடை முதலிய பன்னிரண்டு நடன வகைகள் முன்னரே அமைக்கப்பட்டிருந்தன. வீட்டில் ஆர்கன் வாசிப்பவர் ஒருவர் குமிழைத் திருப்பி நடனத்தின் பெயரைத் தேர்ந்தால் போதும். இங்கே அடுக்கும் முறை நடனத்தின் பெயரால் அமைந்தது. எந்த முரசு எப்போது ஒலிக்கிறது என்று அவர் அறிய வேண்டுவதில்லை. இத்தகைய முறை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிலைத்து நின்றது.

இவ்விடத்தில் ஜப்பானியர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இகுதாரோ ககேஹாஷி என்பவர் ஒசாகா நகரில் 1960ஆம் ஆண்டு ‘ஏஸ் டோன்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1967ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ‘ரிதம் ஏஸ்’ பெட்டியில் பதினாறு தாளங்கள் முன்னமைப்பாக இருந்தன. ஆயினும் அதில் ஒரு சிறு புதுமை காணப்பட்டது. தாளம் நடந்துகொண்டிருக்கும்போதே சில முரசுகளின் ஒலியைத் தனித்தனியே நிறுத்திவிடப் பொத்தான்கள் வைத்தார். எது வேண்டும் என்று சொல்லும் உரிமை இன்னும் வரவில்லை. எது வேண்டாம் என்று சொல்லும் உரிமை வந்துவிட்டது. தேர்வு என்பது பெரும்பாலும் விலக்குவதிலிருந்தே தொடங்குகிறது. 1972ஆம் ஆண்டு அவர் ரோலண்டு நிறுவனத்தை நிறுவினார். 1978ஆம் ஆண்டு வந்த அதன் ‘சி.ஆர்.-78’ என்னும் பொறி, வாங்கியவரே தம் தாளத்தை அமைத்து நினைவில் நிறுத்த இடம் தந்தது.

1980ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். முன் கூறிய இரு வழிகளும் அவ்வாண்டில் எதிரெதிரே வந்து நின்றன.

அமெரிக்காவில் ராஜர் லின் என்னும் இளைஞர் ‘எல்.எம்.-1’ என்ற பொறியை வெளியிட்டார். உண்மையான முரசுகளின் ஒலிகளை எண்களாக மாற்றி நினைவுச் சில்லுகளில் பதித்திருந்தார். நொடிக்கு 28,000 அளவீடுகள் எடுக்கப்பட்டன. அளவீடு ஒன்றுக்கு ஒரு பைட்டு. அந்நாளில் நினைவுச் சில்லின் விலை மிக அதிகம். ‘கிக்’ எனப்படும் கால்முரசின் ஒலி கண நேரத்தில் அடங்கிவிடும். எனவே சிறிய இடம் போதும். சிம்பல் எனப்படும் பெருந்தாளமோ அடித்தபின் பல நொடிகள் அதிர்ந்துகொண்டே இருக்கும். நான்கு நொடிக்கு மட்டும் 1,12,000 பைட்டுகள் தேவை! ஆகவே அந்தப் பொறியில் பன்னிரண்டு ஒலிகள் இடம்பெற்றன, பெருஞ்சிம்பல் இடம்பெறவில்லை. ஓர் இசைக்குழுவின் முரசு வரிசையில் மிக ஓங்கி ஒலிப்பது எதுவோ அதுவே விலக்கப்பட்டது. அவ்வாறு விலக்கியது கலையன்று, சில்லின் விலை. அப்பொறியின் விலையும் ஏறக்குறைய 5,000 டாலர். எனவே புகழ்பெற்ற இசைஞர் சிலரே அதை வாங்க முடிந்தது.

அதே 1980இல் ரோலண்டு நிறுவனம் ‘டி.ஆர்.-808’ என்ற பொறியைக் கொண்டுவந்தது. இதன் விலை 1,195 டாலர். பதிவு செய்த ஒலி இதில் ஒன்றுகூட இல்லை. கால்முரசுக்கு மெல்லத் தேய்ந்து மறையும் ஒற்றை அதிர்வு. கைத்தட்டலுக்கு இரைச்சல் துணுக்குகள். சிம்பலுக்கும் ‘ஹை-ஹாட்’ எனப்படும் இணைத்தாளத்திற்கும் பொருந்தாச் சுருதியுடைய ஆறு அலையியற்றிகளின் கலவை. பதினாறு ஒலிகளை இது தந்தது. ஆனால் அவற்றுள் பதினொன்றுக்குத்தான் தனியிடம். டாம் முரசும் காங்கோ முரசும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டன. கைத்தட்டலும் மராக்காசும் மற்றோர் இடத்தைப் பகிர்ந்துகொண்டன. சிறு விசையொன்றைத் தள்ளி இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒத்த இனத்தை ஒரே அறையில் குடியமர்த்தும் இந்த ஏற்பாடு இன்றைய மென்பொருள்களிலும் காணப்படுகிறது.

இந்தப் பொறியின் ஒலியைக் கேட்டவர் பலர் இது முரசே அன்று என்று நகைத்தனர். 1983ஆம் ஆண்டுவரை ஏறக்குறைய 12,000 பொறிகள் செய்யப்பட்டன. பின்னர் உற்பத்தி நின்றது. குறையுடையவை என்று ஒதுக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களை வாங்கிப் பயன்படுத்தியதாகவும், சில்லுத் தொழில் செம்மையடைந்தபின் அத்தகைய குறையுள்ளவை கிடைக்காமற் போயினவென்றும் ககேஹாஷி பிற்காலத்தில் கூறினார். கைவிடப்பட்ட பொறிகள் பழம்பொருள் கடைகளில் மலிந்த விலைக்கு வந்தன. நகரத்து ஏழை இளைஞர் அவற்றை வாங்கினர். நியூயார்க்கின் கறுப்பின இளைஞர் வளர்த்த ‘ஹிப்-ஹாப்’ இசைக்கு அதுவே அடித்தளமாயிற்று. 1982இல் வெளிவந்த ‘பிளானட் ராக்’ என்ற பாடல் அதற்கு எடுத்துக்காட்டு. உண்மை முரசைப் போல் இல்லாமையே அதன் குறையெனப்பட்டது. அதுவே பின்னர் அதன் தனிச்சிறப்பாயிற்று.

நம் நாட்டிலும் இப்பொறிக்கு ஒரு கதை உண்டு. பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் என்பவர், 1982ஆம் ஆண்டு 808இன் தாளத்தின்மேல் பத்து இராகங்களைச் சின்தசைசரில் வாசித்து இசைத்தட்டொன்று வெளியிட்டார். அந்நாளில் அதைக் கேட்டார் சிலரே. 2010ஆம் ஆண்டு அது மறுபதிப்பாக வந்தபோது, மேனாட்டு இசையறிஞர், தம் ஊரில் பின்னாளில் தோன்றிய நடன இசையொன்றின் சாயல் அதில் முன்கூட்டியே அமைந்திருக்கக் கண்டு வியப்புற்றனர். இருபது ஆண்டுகளுக்கு மேல் மறந்து கிடந்த இசைத்தட்டுக்கு இவ்வாறு மறுவாழ்வு கிடைத்தது.

இப்பொறிகள் பரவியபோது முரசுக் கலைஞர்கள் அஞ்சினர். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு நாள் முழுதும் ஒருவருக்கு ஊதியம் தந்து வாசிக்கச் சொன்ன இடத்தில், ஒரு பெட்டி ஊதியமின்றி வாசித்தது. 1982ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இசைக் கலைஞர் சங்கத்தின் இலண்டன் கிளையொன்று, சின்தசைசர்களையும் முரசுப் பொறிகளையும் தடை செய்ய வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றியது. தடை நடைமுறைக்கு வரவில்லை. எனினும் அத்தீர்மானத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிடுதல் நீதியன்று. பொறியினுள் ஒலிப்பது ஒரு கலைஞரின் கைத்திறன் என்றால், அக்கைக்கு உரியது என்ன என்று அவர்கள் கேட்டார்கள். அக்கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை.

1969ஆம் ஆண்டு ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்னும் அமெரிக்கக் குழுவினர் ‘ஆமென், பிரதர்’ என்ற இசையை ஒரு சிறு தட்டின் பின்புறத்தில் வெளியிட்டனர். அதன் நடுவே மற்றக் கருவிகளெல்லாம் ஓய, கிரகரி கோல்மன் என்ற கலைஞர் ஏறக்குறைய ஆறு நொடிகள் தனித்து முரசு வாசித்தார். பல ஆண்டுகள் கழித்து அந்த ஆறு நொடிகள் வெட்டி எடுக்கப்பட்டு, கிக் வேறாக, ஸ்னேர் வேறாகப் பிரிக்கப்பட்டு, புதுப்புது வரிசையில் அடுக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான பாடல்களில் இடம்பெற்றன. கோல்மனுக்கு அவற்றுக்காக உரிமைத்தொகை எதுவும் கிடைக்கவில்லை. 2006ஆம் ஆண்டு அவர் வறுமையில் மறைந்தார். இன்று மென்பொருளின் கட்டமொன்றைத் தட்டும் மாணவர், அதனுள்ளே ஒரு மனிதரின் மணிக்கட்டு அசைவு உறைந்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, அடுக்கும் முறைக்குப் பொதுச்சட்டம் வந்த கதையைக் காண்போம். 1983ஆம் ஆண்டுக்கு முன் ஒரு நிறுவனத்தின் பொறி மற்றொரு நிறுவனத்தின் பொறியோடு பேச இயலாது. அவ்வாண்டு சனவரியில் கலிபோர்னியாவில் நடந்த கண்காட்சியில், இரு வேறு நிறுவனங்களின் இசைக்கருவிகள் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டு ஒன்றையொன்று இயக்கின. அதற்குப் பயன்பட்ட பொதுமொழியே ‘மிடி’. இதற்காக டேவ் ஸ்மித்தும் ககேஹாஷியும் 2013ஆம் ஆண்டு கிராமி விருது பெற்றனர். மிடி மொழியில் ஒலி செல்வதில்லை, எண்களே செல்கின்றன. எந்தக் கட்டை, எவ்வளவு வேகத்தில் அடிக்கப்பட்டது என்பதை 0 முதல் 127 வரையுள்ள எண்கள் தெரிவிக்கின்றன.

மொழி கிடைத்தது, ஆனால் சொற்பொருள் ஒன்றாக இல்லை. ஒரு பொறியில் 36 என்றால் கிக். வேறொன்றில் 36 என்றால் கைத்தட்டல். ஒரு பொறியில் அமைத்த தாளத்தை வேறொன்றில் ஒலிக்கச் செய்தால் கிக் வரவேண்டிய இடத்தில் கைத்தட்டல் வந்து நகைப்புக்கு இடமாகும். இக்குழப்பத்தைத் தீர்க்க 1991ஆம் ஆண்டு ‘ஜெனரல் மிடி’ என்ற பொது அட்டவணை வகுக்கப்பட்டது. பத்தாவது தடம் முரசுகளுக்கே உரியது. 35 முதல் 81 வரை 47 ஒலிகளுக்கு நிலையான எண்கள். 36 கிக், 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹாட், 46 திறந்த ஹை-ஹாட். இன்றும் பெரும்பாலான மென்பொருள்கள் இவ்வெண்களைப் பின்பற்றி ஒலிகளை அடுக்குகின்றன.

இவ்வட்டவணையில் நுட்பமான அறிவும் இருக்கிறது. ஹை-ஹாட் என்பது காலால் மிதித்து மூடும் இரு தாளங்கள். ஒரே நேரத்தில் அது மூடியும் திறந்தும் இருக்க முடியாது. ஆகவே திறந்த ஒலி அதிர்ந்துகொண்டிருக்கும்போது மூடிய ஒலி வந்தால், முன்னது உடனே அடங்க வேண்டும் என்று விதித்தனர். மின்னொலிக்கு உலோகத்தின் ஒழுக்கத்தைக் கற்பித்தார்கள் எனலாம்.

ஆயினும் அந்த 47 பெயர்களை ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று. போங்கோ இருக்கிறது; காங்கோ இருக்கிறது; டிம்பாலே, அகோகோ, கியிரோ, குயிக்கா முதலிய இலத்தீன் அமெரிக்கக் கருவிகள் இருக்கின்றன. இரு வகை ஊதலுக்கும் இடம் இருக்கிறது. மிருதங்கம் இல்லை, தபேலா இல்லை, தவில் இல்லை. அதே ஜெனரல் மிடியில் சுரக்கருவிகளின் பட்டியலில் சிதாரும் ஷெனாயும் இடம்பெற்றுவிட்டன. நம் முரசுகளுள் ஒன்றேனும் இடம்பெறவில்லை. இதில் பகைமை எதுவும் இருந்ததாகக் கருத வேண்டியதில்லை. அட்டவணை வகுத்தோர் தம் ஊரில் எந்த இசை விற்றதோ அதன் கருவிகளுக்கு எண் தந்தனர். ஆனால் விளைவு என்ன? நம் மாணவர் ஒருவர் மிருதங்கத் தாளத்தை எண்களாக எழுதி வேறொரு கணிப்பொறிக்கு அனுப்பினால், அங்கே அது காங்கோவாகவோ மாட்டுமணியாகவோ ஒலிக்கக்கூடும். அட்டவணையில் இடம் பெறாத கருவி, பொறிகளின் உலகில் பெயரற்றதாகிவிடுகிறது.

முரசுகளை வகைப்படுத்தும் கலை நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை வரைந்த அடியார்க்கு நல்லார், பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம் என்று தொடங்கி முப்பத்தொரு தோற்கருவிகளைப் பெயர் சொல்லி எண்ணுகிறார். பின்னர் அவற்றை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு என்பன முதலாக வகுக்கிறார். இவ்வகுப்பு தோலின் அளவைக் கொண்டு அமைந்ததன்று. மரத்தின் வகையைக் கொண்டும் அமைந்ததன்று. இசையரங்கில் எந்த முழவுக்கு எந்த நிலை என்பதே அதன் அடிப்படை. பெயரிடுதலும் நிலையறிந்து பிரித்தலும் இசையறிவின் ஒரு கூறு என்பதை நம் உரையாசிரியர் நன்கு உணர்ந்திருந்தார்.

இப்போது மென்பொருளின் காலத்திற்கு வருவோம். 1988ஆம் ஆண்டு ராஜர் லின், அகாய் நிறுவனத்துக்காக ‘எம்.பி.சி.-60’ என்ற பொறியை அமைத்தார். வரிசைக்கு நான்காக, நான்கு வரிசைகளில் பதினாறு ரப்பர்த் திண்டுகள். திண்டு ஒவ்வொன்றிலும் விரும்பிய ஒலியைத் தாமே பதிந்துகொள்ளலாம். தொடக்கத்தில் நாம் கண்ட மாணவரின் திரையில் தோன்றிய பதினாறு கட்டங்கள் அத்திண்டுகளின் நிழலே. 1996ஆம் ஆண்டு ஸ்டைன்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி. என்னும் இணைப்பு முறையை வெளியிட்டது. 1999ஆம் ஆண்டு அம்முறையில் இசைக்கருவிகளே மென்பொருளாக இயங்க வழி பிறந்தது. அதன்பின் 808இன் சுற்றுகளும், லின்னின் பதிவுகளும், உலகத்து முரசுகள் பலவும் ஒரே கணிப்பொறியினுள் வந்து குடியேறின.

நினைவுச் சில்லின் விலையும் வீழ்ந்தது. சிம்பலுக்கு இடமில்லை என்று விலக்கிய நிலை மாறி, ஒரே ஸ்னேரை மெல்லிய அடி முதல் வலிய அடி வரை பல படிகளில் பதிந்து வைக்கும் நிலை வந்தது. ஒரே அடியைப் பன்முறை பதிந்து, அவற்றை மாற்றி மாற்றி ஒலிக்கவும் செய்கின்றனர். ஒரே பதிவு மீண்டும் மீண்டும் ஒலித்தால் அது பொறியின் ஒலி என்று காது உடனே கண்டுகொள்ளும் அன்றோ?

முன்னாளில் தட்டின் சுழற்சியும், சுற்றின் எண்ணிக்கையும், சில்லின் விலையும் நமக்காகத் தேர்ந்து கொடுத்தன. இன்று அத்தடைகள் நீங்கிவிட்டன. தேர்வின் பொறுப்பு முழுவதும் நம் தோளில் ஏறிவிட்டது. முன் சொன்ன வரலாறு இதற்குச் சில வழிகளைக் காட்டுகிறது.

முதலாவது, அளவு. 808 பதினாறு ஒலிகளால் ஓர் இசை மரபையே தாங்கியது. எனவே ஒரு பாட்டுக்குப் பன்னிரண்டோ பதினாறோ ஒலிகளே போதும் என்று வரம்பு கட்டிக்கொண்டு தேர்தல் நலம். இரண்டாவது, தனியே கேட்டுத் தேராமல் சேர்த்துக் கேட்டுத் தேர்தல். தனியே அழகாக ஒலிக்கும் கிக், கீழ்ச்சுருதி இசையோடு சேர்ந்தால் மூழ்கிவிடலாம். தாழ்ந்த ஒலிக்கு ஒன்று, நடுவே ஒன்று, உச்சியில் ஒன்று என ஒவ்வொரு நிலைக்கும் ஒன்றை முதலில் அமர்த்திவிட்டால் மற்றவை தாமே வந்து இடம் பிடிக்கும். மூன்றாவது, இடம் மாறாமை. கிக் எந்தக் கட்டத்தில் உள்ளதோ, எல்லாத் தொகுப்பிலும் அதே கட்டத்தில் இருத்தல் வேண்டும். கண்ணின் துணையின்றி விரல் தேடிச் செல்லும் நிலை வந்தால்தான் கட்டங்கள் இசைக்கருவியாகும். நான்காவது, பெயர். ‘ஒலி 1’, ‘புதிய ஒலி 2’ என்று பெயரிட்டவர் ஓராண்டு கழித்து அதைத் தேடிக் காணமாட்டார். எந்தக் கருவி, எந்த அடி, எந்தச் சுருதி, வாசித்தவர் யார் என்று எழுதிவைத்தல் வேண்டும்.

இந்நான்கையும் வைத்துக்கொண்டு நம் மிருதங்கத்தைப் பொறியில் ஏற்றப் புகுந்தால் என்ன நிகழும்? மேனாட்டு அட்டவணை, முரசு ஒன்றுக்கு எண் ஒன்று என்று தருகிறது. மிருதங்கமோ ஒரே கருவியாயினும் பல ஒலிகளின் வீடு. தொப்பியில் தொம் எழுகிறது. வலந்தலையில் நம், தீம், சாப்பு, அரைச்சாப்பு எனத் தனித்தனி ஒலிகள் எழுகின்றன. இரு கைகளும் சேர்ந்து எழுப்பும் ஒலிகள் வேறு. தொப்பியை உள்ளங்கையால் அழுத்தி ஒலியை வளைக்கும் கும்கியை ஒற்றை எண்ணால் பிடிக்க முடியாது. அழுத்தத்தின் அளவையும் உடன் அனுப்ப வேண்டும். அன்றியும், இராமன் காட்டியபடி வலந்தலையில் சுரம் தெளிவாக ஒலிப்பதால், பாடுவோர் சுருதிக்கு ஏற்பத் தொகுப்பு முழுவதையும் மாற்ற வேண்டும். கிக்கும் ஸ்னேரும் அறியாத தேவைகள் இவை.

ஆனால் இதற்குரிய அட்டவணை நம்மிடம் முன்னரே இருக்கிறது. அது சொற்கட்டு. குருவின் முன் அமர்ந்த மாணவன் கை வைக்குமுன் வாயால் சொல்லக் கற்றுக்கொள்ளும் அந்தச் சொற்கள், ஒலிகளுக்கு இடப்பட்ட பெயர்களேயன்றி வேறல்ல. எண்ணுக்குப் பதில் சொல்லையும், முரசுக்குப் பதில் அடியையும் அடிப்படையாகக் கொண்ட வரிசை அது. அவ்வரிசையை அப்படியே பதினாறு கட்டங்களில் அமர்த்தலாம்: இடப்புறக் கட்டங்களில் தொப்பியின் ஒலிகள், வலப்புறக் கட்டங்களில் வலந்தலையின் ஒலிகள், நடுவே இரு கையும் சேர்ந்தவை. மிருதங்கம் பயின்ற ஒருவர் அக்கட்டங்களின் முன் அமர்ந்தால், புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அவர் கைகள் பழகிய திசையிலேயே ஒலிகள் காத்திருக்கும்.

இப்பணியைச் செய்ய வேண்டியவர் யார்? பெரிய நிறுவனங்கள் தம் சந்தையை நோக்கியே அட்டவணை வகுக்கும். அது அவற்றின் இயல்பு. நம் இசைக் கல்லூரிகளில் பயிலும் மாணவரும் பொறியியற் கல்லூரிகளில் பயிலும் மாணவரும் ஒருவரோடொருவர் அமர்ந்தால் இது ஓராண்டுப் பணி. ஒருவருக்கு அடியின் பெயர் தெரியும். மற்றவருக்கு எண்ணின் பொருள் தெரியும். மிருதங்கத்தோடு நில்லாமல், தவில், பறை, உறுமி, பம்பை என்று ஒவ்வொன்றாக இம்முறையைப் பின்பற்றலாம். அக்கருவிகளை வாசிப்போர் இன்று நம் ஊர்களில் இருக்கின்றனர். அவர்களை அழைத்து, உரிய ஊதியம் தந்து, வாசிக்கச் செய்து பதிதல் வேண்டும். கோப்பின் பெயரிலேயே வாசித்தவர் பெயரையும் எழுதுதல் வேண்டும். கோல்மனுக்கு நேர்ந்தது நம் ஊர்ப் பறைக் கலைஞருக்கு நேராதிருக்க அதுவே முதற்படி.

அந்த மாணவரிடம் மீண்டும் செல்வோம். திரையில் பதினாறு கட்டங்கள் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன. ஆயிரம் ஒலிகளையும் தட்டிக் கேட்டுக் களைத்தவர், களஞ்சியத்தை மூடிவிட்டு, தம் தெருவில் தவில் வாசிப்பவர் ஒருவரை அழைத்துவரச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலை முதற்கட்டத்தில் ஓர் ஒலி அமரும். அதன் கீழ் ஒரு சொல் எழுதப்படும். அச்சொல்லின் கீழ் ஒரு மனிதரின் பெயர் எழுதப்படும். அட்டவணைகள் அனைத்தும் இவ்வாறு ஒரு கட்டத்தில்தான் தொடங்கின.